பந்து இல்லாத நாட்கள்

குற்றாலத்துக்கு ஸீஸன் இல்லாத நாளில் போவது என் வழக்கம். நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆனி, ஆடி, ஆவணியில் போனால் அருவி தெரியாது. ஜனங்களின் முதுகுதான் தெரியும். புரட்டாசி பிறந்து, தென்மேற்குக் காற்று ஓய்ந்த பிறகு போனால் பாறை தெரியும். பாறையின் மேல் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருக்கும், அல்லது இறங்காமலே இருக்கும். மங்குஸ்தான் கூடைகள் மறைந்திருக்கும். எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். விடுதிக்காரர் பாதி வாடகைக்கு அறை கொடுத்துவிட்டு, பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்ததே என்று சந்தோஷமும் படுவார்.

2025 அக்டோபரில் அப்படித்தான் போய்த் தங்கினேன். நாவல் ஒன்றை முடிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அந்த நாவல் ஒன்றரை வருஷமாக ஓர் அடி கூட நகரவில்லை என்பதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லாத விஷயம் இன்னொன்றும் உண்டு. நான் கால்பந்து ரசிகன். அந்த மாதம் பார்ப்பதற்கு ஆட்டம் இல்லை. எழுத்தும் இல்லை, ஆட்டமும் இல்லை என்றால் தண்ணீர் இல்லாத அருவிக்குப் போவதுதானே பொருத்தம்?

‘ஸீஸன்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையைக் குற்றாலத்துக்காரர்கள் நம் பாஷையில் என்றோ சேர்த்துவிட்டார்கள். தென்காசிச் சந்தையில் கீரை விற்கிற ஆச்சி கூட “சீசன் எப்படி இருக்கு?” என்றுதான் விசாரிப்பாள். கால்பந்துக்கும் அதே வார்த்தைதான். ஐரோப்பாவில் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது ஸீஸன். ஆனால் தொடர்ச்சியாக நடப்பதில்லை. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிளப்புகள் தங்கள் ஆட்டக்காரர்களை அவரவர் தேச அணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது உலகக் கால்பந்து சம்மேளனத்தின் நாட்காட்டி. மூன்று வாரம் பரிமாறிவிட்டு இரண்டு வாரம் இலையை எடுத்துவிடுகிற பந்தி இது. 2026 முதல் செப்டம்பர், அக்டோபர் இடைவெளிகளை ஒன்றாகச் சேர்த்து 16 நாள், நான்கு ஆட்டம் என்று மாற்ற முடிவு செய்தார்கள். இரண்டு சின்னப் பட்டினிக்குப் பதிலாக ஒரே பெரிய பட்டினி!

நம் தேசத்தில் 2025-ல் நேர்ந்தது இதைவிட மோசம். இந்தியன் சூப்பர் லீக் வழக்கமாகச் செப்டம்பரை ஒட்டித் தொடங்கிவிடும். அந்த வருஷம் தொடங்கவில்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் லீக்கை நடத்துகிற நிறுவனமும் 2010-ல் செய்துகொண்ட 15 வருஷ ஒப்பந்தம் டிசம்பர் 8-ஆம் தேதியோடு முடியவிருந்தது. அதற்கு மேல் என்ன ஏற்பாடு என்பது தீரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. ஜூலை மாதத்திலேயே லீக்கை நிறுத்தி வைப்பதாக அறிவித்துவிட்டார்கள். எப்போது தொடங்கும் என்று சொல்ல ஆளில்லை. அக்டோபர் கடைசியில் கோவாவில் சூப்பர் கோப்பை என்று ஒன்று நடந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

தென்காசிச் சீமையில் கால்பந்து ரசிகனா என்று வாசகருக்குச் சந்தேகம் வரலாம். இங்கே தெருவுக்குத் தெரு ஆடுவது கிரிக்கெட்தான், மறுக்கவில்லை. ஆனால் மேற்கே கணவாயைத் தாண்டினால் ஆரியங்காவு. செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரையில் திருவிதாங்கூரோடு இருந்த ஊர். இன்றைக்கும் கொண்டான் கொடுத்தான் உறவு புனலூர் வரையில், கொல்லம் வரையில் போகிறது. கொல்லம் ரயில் பாதையை அகலப்படுத்துவதற்காக 2010-ல் வண்டியை நிறுத்தினார்கள். 2018-ல்தான் முழுப் பாதையும் மறுபடி திறந்தது. அந்த எட்டு வருஷமும் வாழைக்காயும் கால்பந்தும் லாரியிலும் பஸ்ஸிலும் மலையேறி வந்துகொண்டுதான் இருந்தன.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அது விமர்சனம் சம்பந்தப்பட்டது.

கால்பந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆட்டத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். ஒரு ரசிகனின் வருஷத்தில் ஆட்டத்துக்கு உள்ள பங்கு எவ்வளவு என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கிலாந்தின் முதல்தர லீக்கில் ஒரு கிளப் 38 ஆட்டம் ஆடுகிறது. ஆட்டத்துக்கு ஒன்றரை மணி. மொத்தம் 57 மணி. வருஷத்துக்கோ 8,760 மணி. 57 மணி நேரம் ரசிகனாக இருக்கிறவன் மற்ற 8,700 மணி நேரமும் யார்? அப்போதும் ரசிகன்தான் என்றால், எதை ரசிக்கிறான்? இந்தக் கேள்விக்கு இலக்கியம் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதைத் தேடுவதில் குற்றாலத்து நாட்களைக் கழித்தேன். நாவல் எழுதாமல் இருப்பதற்கு இதைவிடக் கௌரவமான சாக்கு கிடைக்காது.

கால்பந்து ரசிகனைப் பற்றிய புத்தகம் என்றால் எல்லாரும் முதலில் சொல்வது நிக் ஹார்ன்பி எழுதி 1992-ல் வெளிவந்த ‘ஃபீவர் பிட்ச்’. பெற்றோர் பிரிந்துவிட்ட வீட்டுச் சிறுவன். பார்க்க வருகிற தந்தைக்கு மகனை எங்கே கூட்டிப் போவதென்று தெரியவில்லை. 1968-ல் ஆர்ஸனல் ஆட்டத்துக்குக் கூட்டிப் போகிறார். பையன் அதிலேயே விழுந்துவிடுகிறான். புத்தகம் முழுதும் அத்தியாயங்களுக்குத் தலைப்பு ஆட்டங்கள்தாம்: யாரோடு யார், எந்தத் தேதி. ஒரு மனிதனின் வாழ்க்கையை அவன் பார்த்த ஆட்டங்களின் பட்டியலாக மாற்றியது நல்ல யுக்தி, சந்தேகமில்லை. ஆனால் அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டின் பிரிவும், வாலிபத்தின் மனச்சோர்வும், வேலை கிடைக்காத அலைச்சலும் நடப்பது ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில். ஹார்ன்பிக்கு அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு துக்கத்தையும் ஏதாவது ஓர் ஆட்டத்தின் தேதியில் கொண்டுபோய்க் கட்டுகிறார். ஆட்டம் இல்லாத நாள் என்பது அவர் புத்தகத்தில் அத்தியாயத்துக்கும் அத்தியாயத்துக்கும் நடுவிலுள்ள வெள்ளைக் காகிதம்.

உருகுவே நாட்டு எழுத்தாளர் எதுவார்தோ கலேயானோ 1995-ல் கால்பந்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வெயிலும் நிழலும் என்று அதன் தலைப்பில் வரும். சின்னச் சின்னத் துணுக்குகள். பத்தியே கவிதையாக நிற்கும் இடங்கள் பல. உலகக் கோப்பை நடக்கிற மாதத்தில் தம் வீட்டு வாசலில் ‘கால்பந்துக்காக மூடப்பட்டிருக்கிறது’ என்று பலகை மாட்டுகிறவர் அவர் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் கதவு சாத்தியிருப்பது நாலு வருஷத்தில் ஒரு மாதம். பலகையைக் கழற்றிய மறுநாள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறானே ஒருவன், அவன் முகம் எப்படி இருந்தது? கலேயானோ வெயிலை நிறையக் கொடுக்கிறார், நிழலையும் கொடுக்கிறார். மேகம் மூடி வெயிலும் நிழலும் இல்லாத நாளைக் கொடுக்கவில்லை.

நம் தமிழ் சினிமாவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் வந்த ‘பிகில்’ பெண்கள் கால்பந்தைக் கதையாக எடுத்துக்கொண்டது, கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். நல்ல காரியம். தோற்றால் அழுகை, ஜெயித்தால் ஆரவாரம், நடுவில் சும்மா இருத்தல் என்பதே இல்லை. நம் படங்களில் ‘இடைவேளை’ என்று போடுகிற இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கதை உச்சியில் நிற்கும். கத்தி ஓங்கியபடி இருக்கும். ஓய்வு என்று பெயர் போட்டுவிட்டு ஓய்வு கொடுக்காமல் வெளியே அனுப்புகிற கலை நமக்கு மட்டுமே கைவந்தது. ஆட்டம் இல்லாத நாளை அந்தக் கலையால் தொட முடியாது.

மலைக்கு அந்தப் பக்கத்தில் ஒருவர் தொட்டிருக்கிறார். ஸகரியா இயக்கி 2018-ல் வந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ என்ற மலையாளப் படம். மலப்புறத்தில் ஏழு பேர் ஆடுகிற ‘செவன்ஸ்’ ஆட்டம் பிரசித்தம். அங்கே ஒரு சின்ன அணியை நடத்துகிற மஜீத், நைஜீரியாவிலிருந்து வந்த சாமுவேல் என்ற ஆட்டக்காரனை நம்பியிருக்கிறான். ஊர் ஜனங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து யார் வந்தாலும் ‘சுடானி’தான். அவனுக்கு அடிபட்டுக் கட்டிலில் விழுகிறான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழியில்லாமல் மஜீத் அவனைத் தன் வீட்டுக்கே கொண்டுவருகிறான். மஜீதின் தாயும் பக்கத்து வீட்டுக் கிழவியும் பாஷை தெரியாத அந்தப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்துக் கவனிக்கிறார்கள். படத்தின் பெரும்பகுதி இதுதான். கால்பந்துப் படம் என்று பெயர். பந்து மூலையில் கிடக்கிறது. ஆனால் இந்த மனிதர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வது பந்து நின்ற பிறகுதான். ஆட்டம் தொடர்ந்து நடந்திருந்தால் மஜீதுக்கு சாமுவேல் வெறும் காலாகவும், சாமுவேலுக்கு மஜீத் வெறும் கூலியாகவும் இருந்திருப்பார்கள். சில இடங்களில் நல்லவர்கள் அளவுக்கு மிஞ்சி நல்லவர்களாக இருக்கிறார்கள் என்ற குறை எனக்கு உண்டு. இருந்தாலும், ஆட்டம் இல்லாத நாளுக்குள் இவ்வளவு தூரம் போன கால்பந்துக் கதை வேறொன்றை நான் பார்த்ததில்லை.

பார்த்ததில்லை என்று எழுதிய பிறகு, நான் உட்கார்ந்திருக்கிற இடம் எதுவென்று ஞாபகம் வந்தது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிறது மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கிறாள். அது கைப்பந்து, ஒப்புக்கொள்கிறேன். வளையும் சிலம்பும் குலுங்க அவள் ஆடுகிற ஆட்டத்தைக் கவிராயர் சந்தத்திலேயே ஆடிக் காட்டிவிடுகிறார். ஆனால் எத்தனை நேரம்? சில பாட்டுக்கள். குற்றாலநாதர் பவனி வருகிறார். அவள் கண்டு மயங்குகிறாள். பவனி கடந்து போய்விடுகிறது. அதற்கப்புறம் வெகு தூரம் எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றிய பேச்சுத்தான். நிலாவோடு சண்டை, மன்மதனோடு சண்டை, பாங்கியைத் தூது அனுப்புதல், மலைவளம் பாடிக்கொண்டு வருகிற குறத்தியிடம் கையை நீட்டுதல். அது முடிந்தால் சிங்கன் வருகிறான். அவனும் காணாமற் போன சிங்கியைத் தேடி அலைகிறான். கவிராயருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. 57 மணி நேரத்தைச் சில பாட்டில் முடித்துவிட்டு 8,700 மணி நேரத்தைப் பாட உட்கார்ந்துவிட்டார்.

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்ததுமல்ல. முல்லைத் திணைக்கு உரிப்பொருள் ‘இருத்தல்’ என்று வகுத்த பாஷை நம்முடையது. பிரிந்தவன் வருவான் என்று இருத்தல். அதற்குப் பொழுது கார்காலம்; அதாவது ஆவணியும் புரட்டாசியும். சும்மா இருப்பதற்கு ஒரு நிலத்தையும் ஒரு பருவத்தையும் ஒதுக்கிக் கொடுத்தவர்கள், கால்பந்து ரசிகனின் இலையுதிர்கால விரதத்தைக் கண்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

குறத்தி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டம் இல்லாத வாரங்களில் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தை நிரப்புவது குறி சொல்லும் தொழில்தான். யார் எந்தக் கிளப்புக்குத் தாவுவார், யார் முழங்கால் எப்போது தேறும், எந்தப் பயிற்சியாளரின் வேலை போகும். நானும் தினம் கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்தக் குறத்தி மலைமலையாக ஏறி இறங்கியவள். அவள் குறி பலித்தது.

ஆங்கிலத்து ‘ஃபேன்’ என்ற வார்த்தையை நம்மவர்கள் ஒரு காலத்தில் வேடிக்கையாக ‘விசிறி’ என்றார்கள். பிறகு ‘ரசிகர்’ நிலைத்துவிட்டது. இந்த ஊரில் ‘ரசிகர்’ என்ற சொல்லை யோசிக்காமல் உபயோகிக்க முடியாது. ரசிகமணி டி. கே. சி. வாழ்ந்து, 1954-ல் கண்மூடிய ஊர் இது. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்த ஊர். கம்பனின் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, பாடியும் பேசியும் ஒரு மாலைப் பொழுதையே நடத்திவிடுவாராம். புலமையைவிட ரஸனை பெரிது என்று தமிழ்நாட்டுக்குச் சொன்னவர். பாட்டு முடிந்த பிறகுதான் அவருக்குப் பாட்டு ஆரம்பித்தது என்று சொல்லலாம். அந்த வகையில் இடைவேளையின் ரசிகருக்கு அவரே குரு.

ஆனால் குருவிடமும் ஒரு வழுக்கல் உண்டு. கம்பன் பாட்டு என்று தம் உள்ளம் ஒப்பாதவற்றை இடைச்செருகல் என்று தள்ளிவிட்டு, தமக்குச் சரியென்று பட்டதை வைத்துக் ‘கம்பர் தரும் ராமாயணம்’ பதிப்பித்தார். புலவர்கள் கோபித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ரஸனை மிகுந்து போகும்போது அது சொத்துரிமையாக மாறுகிறது. பொருள் எதிரில் இல்லாதபோது அந்த அபாயம் இன்னும் அதிகம்.

என் கதையையே சொல்கிறேன். நான் சென்னையின் எஃப். சி.யின் ரசிகன். 2018 மார்ச் 17-ஆம் தேதி பெங்களூர் கண்டீரவா மைதானத்தில், அந்த ஊர் அணியையே 3–2 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கினோம். ஆட்டம் இல்லாத நாட்களில் அந்த ஆட்டத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு தரம் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போகும். ரஃபேல் அகுஸ்தோ மூன்றாவதைப் போடுவார். ஒரு நாள் அதைச் செல்பேசியில் மறுபடி பார்த்தபோது திடுக்கிட்டேன். முதல் கோல் எங்களுடையதல்ல. சுனில் சேத்ரி எங்களுக்கு எதிராகப் போட்டது. கடைசி நிமிஷங்களில் மிக்கு இன்னொன்று போட்டு எங்களை நடுங்க வைத்திருக்கிறார். என் பதிப்பில் இந்த இரண்டு பாட்டும் இல்லை. இடைச்செருகல் என்று எப்போது தள்ளினேனோ, எனக்கே தெரியாது.

குற்றாலம் பஸ் நிலையத்துப் பக்கம் நான் டீ குடிக்கிற கடையில் ஒரு பையன் இருக்கிறான். இருபது வயசு இருக்கும். தாய் வீடு புனலூர்ப் பக்கம். கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் சட்டையைத்தான் வாரத்தில் நாலு நாள் போட்டிருப்பான். அந்த அணி 2014, 2016, 2022 என்று மூன்று தரம் லீக்கின் இறுதி ஆட்டத்துக்குப் போயிற்று. மூன்று தரமும் தோற்றது. அதில் இரண்டு பெனால்டியில் போனது. இவன் அந்த மூன்று தோல்வியையும் நிமிஷம் தவறாமல் சொல்லுவான். எந்தப் பெனால்டி கம்பத்தில் பட்டது, எதைக் கோலி பிடித்தான் என்று கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டே ஒப்பிப்பான். எதையும் தள்ளவில்லை. ஒரு கோப்பை கூடக் கையில் இல்லாதவனிடம் முழுக் காவியமும் இருக்கிறது. கோப்பை வாங்கிய என்னிடம் எனக்குப் பிடித்த பாட்டுக்கள் மட்டும் இருக்கின்றன. எங்கள் இருவரில் யார் ரசிகன் என்பதை வாசகரே சொல்லட்டும்.

அக்டோபர் 14-ஆம் தேதி இரவு அந்தக் கடையில்தான் இருந்தேன். மட்காவில் இந்தியா சிங்கப்பூரோடு ஆடியது. ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற வேண்டிய ஆட்டம். லீக் இல்லாத அந்த மாதத்தில் எங்களுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். சர்க்கரை டப்பாவில் செல்பேசியைச் சாத்தி வைத்து ஐந்தாறு பேர் குனிந்து பார்த்தோம். சாங்தே முதலில் ஒன்று போட்டார். கடைக்காரர் எல்லாருக்கும் வடை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சிங்கப்பூரின் சாங் உய்-யங் ஒன்று போட்டார். பிறகு இன்னொன்றும் அவரே போட்டார். 1–2. தகுதி போயிற்று. வடைக்குக் காசு வாங்கவா வேண்டாமா என்று கடைக்காரர் தயங்கினார், நாங்களே கொடுத்துவிட்டோம்.

பையன் செல்பேசியில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்தான். “அண்ணாச்சி, லீக்கும் இல்ல. இதுவும் போச்சு. இது இன்டர்வெல்லா, இல்ல படமே முடிஞ்சிட்டா?” என்றான்.

“தெரியலையே தம்பி” என்றேன்.

அவன் என்னைச் சமாதானம் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அறைக்குத் திரும்பி வந்து மேஜையைப் பார்த்தேன். ஒன்றரை வருஷமாக நகராத காகிதக் கட்டு அங்கே இருந்தது. அதே கேள்வியை அதுவும் கேட்டது. எழுதாத எழுத்தாளன் எழுத்தாளன்தானா? இடைவேளை என்று நான் சொல்லிக்கொள்வது முடிவாக இருந்தால்?

முடிவுகள் இல்லாமல் இல்லை. 2019 மார்ச் 9-ஆம் தேதி கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாப் அணியை 3–1 என்று தோற்கடித்துச் சென்னை சிட்டி எஃப். சி. ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். 2021–22 பந்தயத்தில் அந்த அணியே இல்லை. பட்டம் வென்ற அன்று மைதானத்தில் இருந்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அவர்களுக்கு இடைவேளை என்று ஒன்று ஆரம்பித்திருக்கும். முடிவு மணி அடித்ததை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஆகவே, காத்திருந்தால் எல்லாம் வரும் என்று எழுதி இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. குறவஞ்சியில் குறத்தி வருகிறாள். எல்லா வீட்டு வாசலுக்கும் வருவதில்லை.

மறுநாள் காலை தென்காசிக்குப் போய்க் கோயில் வாசலில் நின்றேன். அங்கே எப்போதும் காற்று உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில். இதைப் பின்னால் காப்பாற்றப் போகிறவர்களின் பாதங்களில் இப்போதே விழுந்து வணங்குவதாக அவன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ராஜகோபுரம் இடையில் பாழ்பட்டுப் போய் வெகு காலம் மொட்டையாக நின்றது. 1990-ல்தான் ஒன்பது நிலையோடு மறுபடி எழுந்தது. நான் அப்போது சிறு பையன். என் பாட்டி மொட்டைக் கோபுரத்தைக் கும்பிட்டே காலம் தள்ளினவள். தெருமுனையில் நின்று கையைத் தூக்கிக் கும்பிடுவாள். அடிப்பாகத்தைப் பார்த்தல்ல, நல்ல உயரத்தில், வெறும் ஆகாயத்தைப் பார்த்து. “அங்க என்ன ஆச்சி இருக்கு?” என்று கேட்டதற்கு, “கலசம் இருக்க வேண்டிய இடம்லா” என்றாள். கும்பாபிஷேகத்துக்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள்.

கோபுரம் எழும் என்று அவளுக்கு யாரும் உறுதி சொல்லியிருக்கவில்லை. எழும் என்பதற்காக அவள் கும்பிடவும் இல்லை. இருக்க வேண்டியதன் அளவு அவள் கண்ணில் இருந்தது, அவ்வளவுதான். பாழ்பட்ட பாகம் இல்லவே இல்லை என்று அவள் சாதிக்கவுமில்லை. ரஸனை என்று நான் எதைச் சொல்ல வந்தேனோ, அதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. பொருள் இல்லாதபோது அதன் உயரத்தைக் குறைக்காமல், நம் சௌகரியத்துக்குத் திருத்தாமல், ஞாபகத்தில் வைத்திருப்பது. 57 மணி நேரத்தில் எவனும் ரசிகனாக இருந்துவிடலாம். மைதானமே அவனைத் தூக்கிக்கொண்டு போகும். மற்ற நேரத்தில் அவன் தன் காலில் நடக்க வேண்டியிருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை அந்த வருஷம் அக்டோபர் 16-ல் தொடங்கிற்று. அருவிக்கரையில் போலீஸ்காரர்கள் கயிறு கட்டிவிட்டார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் பாறையைத் தாண்டி விழுந்தது. ஸீஸனில் வராத கோபம் ஐப்பசியில் வருகிறது, குளிக்கத் தடை. தண்ணீர் இல்லாதபோது குளிக்க முடியவில்லை, இருக்கிறபோதும் குளிக்க முடியவில்லை என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். கடையின் பின்புறக் கொடியில் பையனின் மஞ்சள் சட்டை தொங்கிற்று. இந்த ஈரத்தில் எப்படிக் காயும் என்று கேட்டேன். “அழுக்கோட வைக்கக் கூடாதுல்லா அண்ணாச்சி” என்றான்.

லீக் 2026 பிப்ரவரியில் சுருங்கிய வடிவில் தொடங்கியது. அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அது தெரியாது. நான் அறைக்கு வந்து நாலு பக்கம் எழுதினேன். மூன்றைக் கிழித்துப் போட்டேன். ஒன்று இன்னும் இருக்கிறது.